சின்னுவுக்கு ஒரு பெல்ட்!

"என்ன பிரீடும்மா?"

ஓசூரில் ஒரு பெட் ஷாப். கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுவர் முழுக்கக் கலர் கலராகத் தொங்கும் பெல்ட்டுகள். உள்ளே நுழைந்ததும் கடைக்கார அண்ணன் கேட்ட முதல் கேள்வி இது.

"நாட்டு நாய்தாண்ணா."

"ஓ..." என்று ஒரு இழு இழுத்தார் பாருங்கள்... நாலு அரியர் வைத்திருப்பவனைப் பார்த்து ஹெச்.ஓ.டி. இழுப்பாரே, அச்சு அசல் அதே 'ஓ'! அப்புறம் மனதைத் தேற்றிக்கொண்டு, எலும்புப் படம் போட்ட பெல்ட், பெயர் பொறித்த பெல்ட், மெத்து மெத்தென்று மார்போடு மாட்டுகிற ஹார்னஸ் என ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். கடைசியாக, கறுப்புத் தோலில் வரிசையாக வெள்ளி முள் வைத்த ஒன்று. "இது செம கெத்தா இருக்கும்மா. 650 ரூபாய்."

நான் ஒரு முள்ளைப் பிடித்துத் திருகிப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது.

"அண்ணா, சிறுத்தை கவ்வினா இது தாங்குமா?"

அதற்கப்புறம் கடையில் ஏ.சி. சத்தம் மட்டும்தான் கேட்டது!

ஜோக் அடிக்கலைங்க, சீரியஸாகத்தான் கேட்டேன். எங்க ஊர் நாட்றாம்பாளையம். ஓசூர் என்றதும் உங்களுக்கு சிப்காட், கம்பெனி பஸ், பெங்களூர் டிராஃபிக் எல்லாம் ஞாபகம் வரும். அதே ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று தெற்கே போய்க்கொண்டே இருங்கள். கம்பெனிகள் தீர்ந்து ராகியும் நிலக்கடலையும் வரும். அதுவும் தீர்கிற நேரத்தில் காடு வரும். அங்கேதான் நாங்கள். அதே ரோட்டில் மலை இறங்கினால் ஒகேனக்கல், காவிரிக்கு அந்தப் பக்கம் கர்நாடகா. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரை 'காவிரி தெற்கு வன உயிரின சரணாலயம்' என்று தமிழக அரசு அறிவித்தது. 2014-ல் அறிவித்த காவிரி வடக்கு சரணாலயமும், கர்நாடகாவின் காவிரி சரணாலயமும் இதோடு சேர்ந்து ஒரே காடாக நீள்கின்றன. யானைக்கும் சிறுத்தைக்கும் ஸ்டேட் பார்டர் கிடையாது. பஸ்ஸுக்கும் நமக்கும்தான் செக்போஸ்ட்.

இந்தக் காட்டு ஓரத்தில் நாய் என்பது செல்லப் பிராணி மட்டும் இல்லை. ஆட்டுக்குக் காவல், காட்டுப்பன்றிக்கு அலாரம், ராத்திரி வாசலுக்கு வாட்ச்மேன். மூணு வேலைக்கும் சேர்த்து சம்பளம், ராகிக் களி!

சின்னுவுக்கு முன்னால் எங்களிடம் மணி இருந்தான். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடங்கி இருக்கும். நான் பத்தாவது படிக்கும்போது வந்தவன். எனக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைத்ததும் அப்பா ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போய் சூட்கேஸ், பக்கெட், கால்குலேட்டர் எல்லாம் வாங்கித் தந்தார். மிச்சம் இருந்த காசில் நான் மணிக்கு ஒரு பெல்ட் வாங்கினேன். சிவப்பு நைலான், அகலம் ஒரு இன்ச், பளபளவென்று ஸ்டீல் வளையம். "நல்லா ஸ்ட்ராங்கா குடுங்க, அறுத்துட்டு ஓடுறான்" என்று கேட்டு வாங்கினேன். கூடவே இரும்புச் சங்கிலி ஒன்று. அதற்கு முன்னால் மணி கழுத்தில் இருந்தது பழைய வேட்டிக் கிழிசல்தான். ரெண்டு இழு இழுத்தால் அவிழ்ந்துவிடும், அவன் பாட்டுக்கு ஊர் சுற்றிவிட்டு வருவான்.

ஃபர்ஸ்ட் இயர், ரெண்டாவது செமஸ்டர். காலையில் ஆறு மணிக்கு அம்மாவிடமிருந்து போன். அம்மா ஆறு மணிக்குப் பேசுகிற ஆளே இல்லை. "பாப்பா... மணியைக் காணோம்டி" என்றார். சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை லீவுக்குப் போனபோது அப்பாதான் சொன்னார். புங்க மரத்தில் கட்டியிருந்திருக்கிறார்கள். ராத்திரி ஒரே ஒரு தடவை குரைத்துவிட்டு நின்றுவிட்டானாம். எழுந்து லைட் போட்டுப் பார்த்தால், சங்கிலி மரத்தைச் சுற்றி இறுகிக் கிடக்கிறது. மரத்தடி மண்ணெல்லாம் வட்டமாகக் கீறி இருக்கிறது. பெல்ட் அறுபடவில்லை. பக்கிள் அப்படியே பூட்டியபடி, ரத்தக் கறையோடு கிடந்ததாம்.

ரொம்ப ஸ்ட்ராங்கான பெல்ட். நான் கேட்டு வாங்கினது.

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஆனால், இதைச் சொல்லாமல் சின்னுவுக்கு பெல்ட் தேடி நான் ஏன் மூணு ஊர் அலைந்தேன் என்பது உங்களுக்குப் புரியாது. 'வெறும் நாய் பெல்ட்டுக்கா இவ்ளோ பில்டப்பு?' என்று என் ரூம் மேட்டே கேட்டாள்.

மணி போன வாரத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், "செத்த ஆட்டுல மருந்து வெச்சா கதை முடிஞ்சுது" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "அது அதோட வயித்துக்கு வந்துச்சு. நாமதான் கட்டி வெச்சோம்." சிறுத்தையைக் கொல்வது 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஜெயிலில் தள்ளுகிற குற்றம். அப்பாவுக்கு சட்டம் தெரியாது. நியாயம் தெரிந்தது.

அப்புறம் லைப்ரரியிலும் நெட்டிலும் தேடித் தேடிப் படித்தேன். சிறுத்தைக்கு நாய் என்பது எப்போதாவது கிடைக்கிற ஸ்நாக்ஸ் என்று நினைத்திருந்தேன். இல்லை, ஃபுல் மீல்ஸ்! மகாராஷ்டிராவில் அகோலே என்கிற விவசாயப் பகுதியில் வித்யா ஆத்ரேயா குழுவினர் சிறுத்தைகளின் எச்சத்தைச் சேகரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவை சாப்பிட்டதில் எடைக் கணக்கில் 39 சதவிகிதம் நாய். ஆட்டைவிட நாய்தான் அதிகம்! மும்பை தேசியப் பூங்காவைச் சுற்றியுள்ள சிறுத்தைகள் வருஷத்துக்கு சுமார் 1,500 தெருநாய்களைச் சாப்பிடலாம் என்று 2018-ல் ஒரு ஆய்வு கணக்குப் போட்டது. இந்த நாய்களில் பெரும்பாலானவை கட்டிப் போடாதவை. 'அவிழ்த்துவிட்டிருந்தால் மணி பிழைத்திருப்பான்' என்று நானும் நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது. ஓட ஒரு சான்ஸ் இருந்திருக்கும். அவ்வளவுதான்.

போன வருஷம் ஆடி மாசம், பால் ஊற்றுகிற மாமா வீட்டிலிருந்து சின்னு வந்தான். உள்ளங்கை சைஸ் கறுப்புக் குட்டி, காலில் மட்டும் வெள்ளை சாக்ஸ். மூணு மாசம் ஆனதும் கால்நடை மருந்தகத்தில் வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டோம். அங்கேதான் பெல்ட் விஷயத்தில் எனக்கு முதல் பாடம். அம்மா அவன் கழுத்தில் மஞ்சள் கயிற்றில் ஒரு சலங்கை கட்டியிருந்தார். டாக்டர் கயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தார், போகவில்லை. "போன வாரம் லூஸாத்தான் சார் இருந்துச்சு" என்றார் அம்மா. "குட்டி போன வார சைஸ்லயேவாம்மா இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே கத்தரியால் வெட்டிவிட்டார். கழுத்தில் கட்டிய கயிற்றை மறந்துவிட்டு, அது தோலுக்குள் புதைந்து, புழு வைத்து, தூக்கிக்கொண்டு வருகிற குட்டிகள் நிறையவாம். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவில் ரெண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். குட்டியாக இருந்தால் வாரா வாரம் செக் பண்ண வேண்டும். ரொம்ப லூஸாக விட்டாலும் வம்பு. பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொள்வான். இல்லை, காதைச் சொறியும்போது கால் மாட்டிக்கொள்ளும்.

இந்த டிசம்பரில் செமஸ்டர் லீவு. சின்னு வளர்ந்து தடியனாகிவிட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு மளிகைக் கடைத் தராசில் ஏறி, என் எடையைக் கழித்துப் பார்த்தேன். 15 கிலோ. (என் எடை எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் அனுமதி இல்லை!)

கையில் எடை கிடைத்ததும் மெக்கானிக்கல் மூளை சும்மா இருக்குமா? நோட்டை எடுத்தேன். 15 கிலோ நாய், பூனையைப் பார்த்த ஜோரில் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சங்கிலி தீர்ந்ததும் 10 சென்டிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். இயக்க ஆற்றலை நிற்கிற தூரத்தால் வகுத்தால், கிட்டத்தட்ட 1,900 நியூட்டன். அதாவது ஒரு கணம் 190 கிலோ மூட்டை அவன் கழுத்தில் தொங்குகிற மாதிரி! அதுவும் எங்கே? மூச்சுக்குழாய்க்கு மேலே. ஃபர்ஸ்ட் இயரில் இந்த ஃபார்முலாவை நான் பத்து மார்க்குக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அது மணியின் கழுத்தில் தினமும் நடந்துகொண்டிருந்தது என்று அப்போது தோன்றவே இல்லை.

கணக்கு தெரிந்துவிட்டால் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பட்டை அகலமாக இருந்தால் அதே விசை அதிக இடத்தில் பரவும், அழுத்தம் குறையும். அரை இன்ச் பட்டையைவிட ஒரு இன்ச் பட்டையில் பாதிதான். இரும்புச் சங்கிலி நீளாது, நல்ல பருத்திக் கயிறு கொஞ்சம் நீண்டுகொடுக்கும். நிற்கிற தூரம் ரெண்டு மடங்கானால் விசை பாதியாகும். ஹார்னஸ் இன்னும் உசத்தி. இழுக்கிற பாரம் கழுத்தை விட்டுவிட்டு மார்புக்குப் போய்விடும். டவுனில் நாயைக் கையில் பிடித்து வாக்கிங் கூட்டிப் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஹார்னஸ் வாங்கலாம். ஆனால், எங்க வீட்டு வேலைக்கு அது சரிப்படாது. முள்வேலிக்குள் நுழைந்து ஓடுகிறவனுக்கு உடம்பு முழுக்க வார் இருந்தால் எங்கேயாவது மாட்டிக்கொண்டு தொங்குவான். தவிர, சிறுத்தை பிடிப்பது தொண்டையை. ஹார்னஸ் அந்த இடத்தைத்தான் திறந்து விட்டிருக்கிறது.

'சோக் செயின்' என்று ஒன்று விற்கிறார்கள். இழுத்தால் இறுகுகிற சங்கிலி. போலீஸ் நாய் ரேஞ்சுக்கு ஸ்டைலாக இருக்கிறது என்று பசங்க வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அதைப் போட்டுக் கட்டிப்போட்டால், நாய் தன்னைத்தானே தூக்கில் போட்டுக்கொள்வதற்கு நாமே சுருக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி. என்னைக் கேட்டால் வீட்டு நாய்க்கு அது வேண்டவே வேண்டாம். வாய்ப்பூட்டும் அப்படித்தான். துணியிலோ நைலானிலோ இறுக்கமாக வாயைக் கட்டுவது ஆபத்து. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். ஊசி போடுகிற ரெண்டு நிமிஷத்துக்கு சரி, அதற்கு மேல் வேண்டுமென்றால் வாயைத் திறக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடுகிற கூடை மாதிரிப் பூட்டுதான் வாங்க வேண்டும்.

ஜி.பி.எஸ். பெல்ட்டும் காட்டினார் கடைக்கார அண்ணன். நாய் எங்கே இருக்கிறது என்று செல்போனில் தெரியுமாம், உள்ளே சிம் கார்டாம். எங்க ஊரில் எனக்கே டவர் கிடைக்காமல் மொட்டைமாடிக்கு ஓடுகிறேன். சின்னு எங்கே ஓடுவான்?

கடைசியில் அந்தக் கடையில் நான் வாங்கியது ஒரே ஒரு பொருள். இருட்டில் லைட் பட்டால் மினுங்குகிற ரேடியம் பட்டை. ஒகேனக்கல் ரோட்டில் ராத்திரி வண்டிகள் வருகிற வேகத்தில், ஒரு கறுப்பு நாயை டிரைவர் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சிறுத்தையிடம் தப்பித்தாலும் டெம்போவிடம் தப்பிக்க வேண்டாமா? அதன் உள்பக்கம் அப்பா போன் நம்பரை மார்க்கரில் எழுதினேன்.

வெறும் கையோடு வந்த மாதிரி திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தாத்தா வெற்றிலை இடித்துக்கொண்டே, "ஆணிப் பட்டை கெடைக்கலையா?" என்றார்.

"ஆணிப் பட்டையா? என்ன தாத்தா அது?"

அவர் சின்ன வயசில் ஆட்டுப் பட்டியில் ராத்திரிக் காவல் இருந்தவர். அந்தக் காலத்தில் பட்டி நாய்க்குத் தோல் பட்டையில் உள்ளிருந்து வெளியே ஆணி அடித்து மாட்டுவார்களாம். சிறுத்தை தொண்டையைக் கவ்வினால் அதன் வாயில் குத்தும், விட்டுவிடும். "நாய் செயிக்காது கண்ணு. ஆனா உதறிட்டு ஓடியாற நேரம் கெடைக்கும்" என்றார். சொல்லிவிட்டு மறுபடி வெற்றிலை இடிக்க ஆரம்பித்துவிட்டார். ரெண்டு வருஷமாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்விக்கு விடை வீட்டுத் திண்ணையிலேயே இருந்திருக்கிறது. நான்தான் ஏ.சி. கடையில் தேடிக்கொண்டிருந்தேன்!

இது தாத்தாவின் கண்டுபிடிப்பு மட்டும் இல்லை. இமாச்சலில் மலை மலையாக ஆடு ஓட்டிப் போகிற கத்தி இடையர்கள் தங்கள் நாய்க்கு முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டுகிறார்கள், சிறுத்தைக்குப் பயந்துதான். துருக்கியில் காங்கல் நாய்க்கு நீள நீளமாக முள் வைத்த பட்டை, அங்கே ஓநாய்க்காக. ரோமாபுரியில் வாரோ என்கிறவர் கி.மு. 37-ல் எழுதிய விவசாயப் புத்தகத்திலேயே செய்முறை இருக்கிறது. கெட்டித் தோல், அதில் தலையுள்ள ஆணிகள், ஆணித் தலை கழுத்தை உறுத்தாமல் இருக்க உள்ளே மெத்தென்று இன்னொரு தோல். அவர் சொல்கிற காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்தப் பட்டையில் ஒரு தடவை வாய் வைத்துக் காயம்பட்ட ஓநாய், அப்புறம் பட்டை போடாத நாயையும் தொடாதாம்!

நாயைக் கொண்டாடுவது நம்ம ஆட்களுக்கும் புதுசில்லை. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எஜமான் செத்து விழுந்த பிறகும் ரெண்டு திருடர்களைக் கடித்துக் காவல் காத்த நாய்க்கும் சேர்த்து வைத்த கல். அந்த நாயின் பெயர் கோவிவன். 1,400 வருஷமாகப் பெயர் அழியவில்லை. எங்க ஆட்கள் 'மணி', 'சின்னு' என்று வைக்கிறோம். கோவிவன் எவ்வளவு கெத்தான பெயர்!

அடுத்த வேலை, செய்து தர ஆள் தேடுவது. தோலுக்குப் பதிலாக, ஓசூரில் பழைய இரும்புக் கடையில் ரெண்டு இன்ச் அகல கன்வேயர் பெல்ட் துண்டு கிடைத்தது. ரப்பருக்குள் துணி வைத்தது, கை வலிக்க இழுத்தாலும் நீளாது. ஏதோ ஒரு கம்பெனியில் ஆயிரக்கணக்கான பெட்டியைச் சுமந்துவிட்டு வந்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு அஞ்செட்டியில் செருப்புத் தைக்கிற பெரியவரிடம் போனேன். அவர் வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ், கோபம் வந்தால் ரெண்டும். நோட்டில் வரைந்திருந்த டிசைனைக் காட்டினேன். ஆணிக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, எத்தனை வரிசை, எல்லாம் அளவோடு.

கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "ஏம்மா, இவ்ளோ ஆணி இருந்தா நாய் எப்படிம்மா தூங்கும்?"

காலேஜில் டிசைன் ரிவ்யூ என்று ஒன்று வைப்பார்கள். இப்படி ஒரே கேள்வியில் என்னை யாரும் கவுத்ததில்லை. நாய் முன்னங்காலில் தாடையை வைத்துத்தான் தூங்கும். தொண்டைக்கு நேர் கீழே ஆணி இருந்தால் தன் காலையே குத்திக்கொள்ளும். அவரே வழியும் சொன்னார். நேர் கீழே கொஞ்ச இடம் காலியாக விட்டு, ரெண்டு பக்கமும் பிடரியிலும் மட்டும் ஆணி. நுனியை ஊசி மாதிரி விடாமல் அரத்தால் லேசாக மழுக்க வேண்டும். "குத்தணும், கிழிக்கக் கூடாது. உங்க வீட்டுக் கொழந்த வந்து கட்டிப்புடிச்சா?" ஆணித் தலையெல்லாம் உள்பக்கம். அதன்மேல் பழைய ஷூவிலிருந்து எடுத்த மெல்லிய தோலை வைத்துத் தைத்தார். ஆமாங்க, வாரோ சொன்ன அதே உள்தோல்! அஞ்செட்டிப் பெரியவர் ரோமாபுரிப் புத்தகம் படித்திருக்க வாய்ப்பில்லை. பிளாஸ்டிக் கிளிப் வேண்டாம் என்று இரும்பு பக்கிள் வைத்தார். கூலி 120 ரூபாய். காசு கொடுத்தபோது, "நாய் நல்லா இருந்தா வந்து சொல்லு" என்றார்.

பட்டையை மாட்டிய முதல் நாள் சின்னு சிலை மாதிரி நின்றான். ரெண்டாம் நாள் சுவரில் தேய்த்து சுண்ணாம்பைப் பெயர்த்தான். மூணாம் நாள் அம்மாவின் காலை ஆசையாக உரசி, அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஓடி வந்துவிட்டார். ஆக, பகலில் ரேடியம் பட்டை, பொழுது சாய்ந்தால் ஆணிப் பட்டை என்று டைம்டேபிள் போட்டோம். மற்ற நாயோடு விளையாடும்போதும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அந்த நாய்க்குக் கண்ணே போய்விடும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அன்று ராத்திரி அப்பா அந்தப் பழைய சங்கிலியை எடுத்துக்கொண்டு வந்து, ஆணிப் பட்டையில் மாட்டி, சின்னுவைப் புங்க மரத்தில் கட்டினார். அதே மரம்.

"அப்பா, வேண்டாம்ப்பா."

"அதான் பட்டை போட்டிருக்கில்ல பாப்பா?"

"அதுல ஒரு தடவை உதறத்தான் முடியும்ப்பா. உதறிட்டு எங்க ஓடுவான்?"

அப்பா பதில் சொல்லவில்லை. அவிழ்த்துவிட்டாலும் பிரச்னை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காட்டுப் பக்கம் போனால் பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பி இருக்கிறது, திருட்டுத்தனமாக வேலியில் விடுகிற கரன்ட் இருக்கிறது. ராகி முற்றுகிற சமயத்தில் யானை வரும். யானையைப் பார்த்துக் குரைக்கிற நாய், துரத்தப்பட்டால் நேராக எஜமானைத் தேடித்தான் ஓடி வரும், பின்னாலேயே யானையைக் கூட்டிக்கொண்டு! அதனால்தான் பரணுக்குக் காவல் போகும்போது அப்பா நாயைக் கூட்டிப் போவதில்லை. கட்டினாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து. ரொம்ப நேரம் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அப்பா எழுந்து போய் சங்கிலியைக் கழற்றினார். அன்று ராத்திரி சின்னு சமையல்கட்டில் படுத்தான். அம்மா திட்டவே இல்லை.

மறுநாளே கூண்டு வேலை ஆரம்பம். ஆறடிக்கு நாலடி. சிறுத்தை மரம் ஏறுகிற ஜாதி, மேலே திறந்திருந்தால் சுவர் எத்தனை அடி இருந்தும் பிரயோஜனமில்லை. அதனால் மேலே தகரம் போட்டு, அதைக் கம்பியோடு சேர்த்து முடுக்கினோம். பக்கத்துக்கு சின்ன கட்டம் போட்ட வெல்டு மெஷ். பெரிய ஓட்டையுள்ள வலை என்றால் பாதத்தை உள்ளே விட்டு இழுத்துவிடும். கீழே ரெண்டு அடி உயரத்துக்குப் பலகை, வலையோரம் சாய்ந்து தூங்குகிறவனுக்காக. கதவுக்கு சும்மா கொக்கி இல்லை, தாழ்ப்பாள் போட்டு அதில் ஒரு போல்ட். எல்லாம் சேர்த்து அஞ்சாயிரத்தைத் தாண்டிவிட்டது. அப்பா இந்த வருஷம் பொங்கலுக்கு வேட்டி எடுக்கவில்லை, ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. தாத்தா மட்டும் வெளியே நின்று பார்த்துவிட்டு, "எனக்குக்கூட இப்பிடி தனி ரூம்பு கெடையாது" என்றார்.

காலையில் திறந்துவிட்டால் சின்னு நாள் முழுக்க சுதந்திரப் பறவை. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் நாயைப் பற்றியே ஒரு வரி இருக்கிறது. எப்போதும் கட்டிவைத்தோ அடைத்துவைத்தோ வளர்க்கிற நாயை நடமாட விடாமல் இருந்தால் அதுவும் வதை. ரொம்பக் குட்டையான, ரொம்ப கனமான சங்கிலியில் அதிக நேரம் கட்டிவைப்பதும் குற்றம். இதைப் படித்துக் காட்டியபோது அப்பா, "உங்க ஹாஸ்டல் வார்டனுக்கும் இந்தச் சட்டம் இருக்கா?" என்று கேட்டார்.

இப்போது நான் ஹாஸ்டலில். மணியின் சிவப்பு பெல்ட் என் சூட்கேஸில் இருக்கிறது. அம்மா துவைத்து வைத்திருந்தார், கேட்டு வாங்கி வந்தேன். ராத்திரி எட்டரை மணிக்கு மெஸ்ஸிலிருந்து வந்ததும் வீட்டுக்கு போன். அம்மா எடுத்ததும் "சாப்டியா?" என்பார். நான் "சின்னு உள்ள போயாச்சா?" என்பேன். ரெண்டு பேருமே முதலில் பதில் சொல்வதில்லை. அப்புறம் அம்மா போனைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு நடப்பது கேட்கும். தகரக் கூரை மேல் புங்கங்காய் விழுகிற சத்தம், சின்னு வாலால் பலகையை அடிக்கிற சத்தம். கடைசியில் அந்த போல்ட் 'கிரீச்' என்று உள்ளே போகும்.

"ம்... போட்டாச்சு. இப்ப சொல்லு, சாப்டியா?"